நல்ல லிஃப்ட் உள்ள வீடு

மேல்வீட்டு லிஃப்ட்காரர் வெளிமாநிலத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட்ட கதையை யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். கேட்காவிட்டாலும் வரும். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நினைவு வந்து, ஆத்திரத்தில் வேகமாக மிதித்து, நேராகப் போக வேண்டிய தையலைக் கோணலாக்கி, பிரித்து மறுபடி தைத்த நாட்கள் உண்டு. நான் அந்தக் குடும்பத்தில் பிறந்தவளும் இல்லை, வாக்கப்பட்டவளும் இல்லை. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு துணி தைப்பவள். அவர்களும் வாடகைதான், மூன்றாம் மாடி. என் கூரைதான் அவர்களுக்குத் தரை. அங்கே யாராவது கோபமாக நாற்காலியை இழுத்தால் என் வீட்டு விளக்கு ஆடும்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டு, கயிற்றைத் தடவிப் பார்த்து, கதவைச் சரிசெய்துவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் நடந்தே ஏறி வருவார் மனிதர். “கால் வலிக்கலையா அண்ணே?” என்று கேட்டால், “நாள் பூரா லிஃப்டுலதானேம்மா போயிட்டு வர்றேன், கொஞ்சம் நடந்தா உடம்புக்கு நல்லது” என்பார். அவருக்கு வலி இல்லை, சொல்வார். வலி முழுக்க அக்காவுக்கு.

அக்கா என்பது அவர் மனைவி. அவளை அக்கா என்றும் அவரை அண்ணே என்றும் கூப்பிடுவது என்ன முறை என்று என்னைக் கேட்காதீர்கள், ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா முன்பு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஈரத் தரையில் நின்றுகொண்டு விரிப்புகளை உதறி மடித்து அடுக்கும் வேலை. நாளெல்லாம் நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல்கூட வைக்கமாட்டார்கள். அங்கேயே இரண்டு முழங்காலையும் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள், சமைப்பாள், துடைப்பாள். படி மட்டும் முடியாது. டாக்டரிடம் போக வேண்டிய நாளில் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கி இறங்குவாள். பின்னால் வருகிறவர்களிடம், “நீங்க போங்க, நீங்க போங்க” என்று சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஏறி வந்த பிறகு இரண்டு நாள் படுக்கைதான். அதனால் டாக்டரையும் தள்ளிப்போட ஆரம்பித்திருந்தாள்.

எனக்கு அவள்தான் வலது கை. மெஷின் தைக்காத வேலை எல்லாம் அவளுக்குப் போகும். பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன், கோட்டுக்கு உள்மடிப்பு, வெளியே தையல் தெரியாமல் பேன்ட் ஓரம் அடிப்பது. மேல் ஜன்னலிலிருந்து ஒரு துணிப்பையைக் கயிற்றில் இறக்குவாள், நான் துணியை வைப்பேன், இழுத்துக்கொள்வாள். பையோடு சேர்ந்து பேச்சும் ஏறி இறங்கும். கழுத்தை நீட்டி நீட்டிப் பேசியே எனக்குப் பிடரி வலி வந்தது.

அவளுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று. கீழ்வீடு. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. பிள்ளை இல்லாத வீடு, இரண்டு பேர் சம்பாத்தியம், சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். சேர்த்ததெல்லாம் கீழ்வீட்டுக்குத்தான் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

“கீழ்வீடு கிடைச்சா நான் முதல்ல என்ன செய்வேன் தெரியுமா?” என்பாள் ஜன்னலிலிருந்து.

“என்னக்கா செய்வே?”

“நானே போய்த் தக்காளி வாங்குவேன். நீ வாங்கிட்டு வர்றியே, அது தக்காளியா? ஒண்ணு கல்லு, ஒண்ணு கூழு.”

“வாங்கிட்டு வந்து கொடுக்கறதுக்கு இது வேறயா? நாளைலேர்ந்து நீயே இறங்கி வா” என்று நானும் கத்துவேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வேன். அவள் சிரிப்பாள்.

எங்கள் தெருவிலேயே சலவைக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கீழ்வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, வாசலில் ஒரே ஒரு படி. அக்கா சொல்லி நான்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் அளவெல்லாம் எடுத்து வந்தேன். திரைச்சீலைக்குத் துணிகூடப் பார்த்துவிட்டோம். அப்போதுதான் அண்ணனுக்குப் புத்தி வேறு பக்கம் திரும்பியது.

போனில் ஒரு ஆள் வருவான். கோட்டுப் போட்டுக்கொண்டு, பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். வீடு வாங்கி வாடகைக்கு விட்டுப் பணக்காரர் ஆவது எப்படி என்பதுதான் அவன் சொல்லும் பாடம். அண்ணன் சாப்பிடும்போது அவன், பல் தேய்க்கும்போது அவன். என் கூரை வழியாக எனக்கே பாதி மனப்பாடம். ஒரு நாள் தைத்த துணியைக் கொடுக்க மேலே போனபோது அண்ணன் அக்காவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“இருக்கற ஊர்லயே வாங்கறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. இங்க விலை தலைக்கு மேல. வாடகையோ கொசுறு. வெளிமாநிலத்துல பாரு, பாதி விலைக்கு வீடு, வாடகை நின்னு விளையாடுது.”

“அதுக்கு?” என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

“அங்க வாங்கி விட்டோம்னா மாசாமாசம் வாடகை வரும். அந்த வாடகையை வெச்சு இங்க கீழ்வீடு ஒண்ணை வாடகைக்குப் பிடிச்சுடலாம். முதலும் அப்படியே நிக்கும், உனக்குக் கீழ்வீடும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

“கல்லெறியறதெல்லாம் இருக்கட்டும். சலவைக்கடை வீடு என்னாச்சு?”

“அதை வாங்கினா காசு அங்கேயே செத்துப்போகும்மா. வீடு நமக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கணும்.”

“வீடு எதுக்குங்க சம்பாதிக்கணும்? நாமதான் சம்பாதிக்கறோமே. அது சும்மா நின்னா போதாதா?”

நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். முடியவில்லை. “அண்ணே, கண்ணால பார்க்காத ஊர்ல வீடு வாங்கி, ஓட்டை உடைசல்னா யாரு பார்ப்பா?”

“டீம்” என்றார்.

“என்னது?”

“டீம் போடணும்மா. அங்க ஒரு புரோக்கர், வாடகை வாங்கிக் கொடுக்க ஒரு மேனேஜர், ரிப்பேருக்கு ஒரு பிளம்பர். நாம இங்க உக்காந்து போன்லயே எல்லாத்தையும் பார்த்துக்கலாம்.”

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அன்றிலிருந்து உடம்பு எரியும். டீம் அமைந்தது. புரோக்கர் ஒருத்தர். மேனேஜர் அவர் மனைவி. பிளம்பர் அவர் மச்சான். ஒரே வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும் மூன்று பேரைத்தான் இவர் டீம் டீம் என்று தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அக்கா ஒரு வாரம் முரண்டு பிடித்தாள். பிறகு விட்டுக்கொடுத்தாள். ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று நான் சண்டைக்குப் போனேன். “அவர் ஒண்ணுன்னு கேட்டதே இல்லடி. எனக்குக் கீழ்வீடுன்னு தானே சொல்றாரு. கொஞ்ச நாள் பொறுத்தா ஆச்சு” என்றாள். அப்படிப்பட்டவள் அவள்.

வீடு பார்த்த அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். நேரில் போக லீவு இல்லையாம், புரோக்கர் வீடியோவில் காட்டுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மேசை மேல் போனைச் சாய்த்து வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சட்டைப் பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புரோக்கர் நம் பாஷையை அரைகுறையாகப் பேசுவார்.

“சார், இது ஹால் சார். வெளிச்சம் பாருங்க சார்.”

“சரி சரி. லிஃப்ட் இருக்குன்னீங்களே?”

“இருக்கு சார். முதல்ல கிச்சன் காட்டறேன் சார்.”

“அது எங்க போகப்போகுது? லிஃப்டைக் காட்டுங்க.”

புரோக்கர் வெளியே வந்து லிஃப்டைக் காட்டினார். அண்ணன் முகத்தைப் போனுக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

“கதவு மூடட்டும். பேசாதீங்க, சத்தம் கேக்கணும். மறுபடி திறங்க. மூடுங்க. ஆ! கேட்டியா?” என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “சத்தமே இல்ல பாரு. கொஞ்சம்கூட உதறல் இல்ல. மேல மோட்டார் ரூம் போக முடியுமா?”

“மொட்டை மாடி போகணும் சார். சாவி வாங்கணும்.”

“வாங்குங்க. நான் இருக்கேன்.”

அந்த ஆள் சாவி வாங்கி, மொட்டை மாடி ஏறி, மோட்டார், கயிறு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் காட்டினார். கயிறு எப்போது மாற்றியது, பிரேக் யார் பார்ப்பது என்று அண்ணன் கேட்ட கேள்விக்கெல்லாம் காவலாளியைக் கூப்பிட்டு வந்து பதில் சொல்ல வைத்தார். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார் அண்ணன். கிச்சன் குழாயை யாரும் திறந்து பார்க்கவில்லை. குளியலறை எந்தப் பக்கம் என்றே யாரும் கேட்கவில்லை.

“வீட்டைச் சரியா பார்க்கவே இல்லையே அண்ணே” என்றேன்.

“உனக்குத் தெரியாதும்மா. ஒரு கட்டடம் எப்படி இருக்குன்னு லிஃப்டைப் பார்த்தா சொல்லிடலாம். நாடி பிடிக்கற மாதிரி. இத்தனை வருஷத்துல எத்தனை கட்டடம் பார்த்திருக்கேன்! லிஃப்டைக் கவனிக்காத இடத்துல தண்ணி இருக்காது, சுவர் ஒழுகும், ஆளுக்கு ஆள் சண்டை. லிஃப்டை இப்படிக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கறவங்க வீட்டை விட்டுடுவாங்களா?”

நியாயம் மாதிரிதான் இருந்தது. அதுதான் எரிச்சல். ஒன்றும் தெரியாத ஆள் ஏமாந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். இவர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே போய் விழுந்தார்.

சேர்த்ததெல்லாம் போய் வீடு வந்தது. நம் பாஷை பேசும் குடும்பமாகப் பார்த்து புரோக்கர் குடிவைத்தார். முதல் மாத வாடகை வந்த அன்றைக்கு அண்ணன் கேக் வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. கிச்சன் குழாய் ஒழுகுகிறது. குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. மழை பெய்தால் பின்பக்கச் சுவர் ஊறுகிறது. இவர் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டு, அந்த மாநிலத்துக் குழாய்க்கு இந்த மாநிலத்திலிருந்து ஸ்பேனர் பிடிப்பார். “இடது பக்கம் திருப்பச் சொல்லுங்க… அட, அந்த இடது இல்லப்பா, இந்த இடது!” மச்சான் பிளம்பர் வருவான், பார்ப்பான், போவான். பார்த்ததற்கு ஒரு கூலி, போனதற்கு ஒரு கூலி. மறுநாள் குழாய் முன்னைவிட நன்றாக ஒழுகும்.

மூன்றாவது மாதம் பெரிய இடி. கட்டடச் சங்கத்திலிருந்து பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்டார்கள். வாடகையில் முக்கால்வாசியை விழுங்கும் தொகை. எதற்கு இவ்வளவு என்று விசாரித்தால், லிஃப்டுக்கு. கம்பெனி ஆள் மாதம் இரண்டு முறை வந்து பார்க்கிறானாம், அசல் உதிரி பாகம் தவிர வேறு போடுவதில்லையாம், போன வருஷம்தான் கயிறு புதிதாக மாற்றினார்களாம்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “அண்ணே, லிஃப்ட் அவ்வளவு நல்லா இருந்துச்சே, அதுக்கு யாரு காசு கொடுக்கறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலையா? நீங்க பார்க்கற வேலையே அதுதானே!”

படியில் பையை இறக்கி வைத்துவிட்டு என் வாசலில் நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “பில்லைக் கொண்டு போய்க் கொடுக்கற ஆளாவே இருந்துட்டேன்மா. வாங்கற இடத்துல நின்னதில்லையே” என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விடுவேனா? திட்டினேன்.

மிச்சமாகும் வாடகையில் கீழ்வீடு என்ன, கீழே ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. சலவைக்கடைப் பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். நான் அளவெடுத்த ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியது. மழைக்காலம் வேறு, ஈரம் ஏறினால் அக்காவுக்கு முழங்கால் வீங்கிக்கொள்ளும். சுடுதண்ணீர்ப் பையைக் காலில் கட்டிக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். அந்த மாதங்களில் அவள் தைத்த பட்டன்களை யாராலும் பிய்க்க முடியாது, அவ்வளவு இறுக்கம்.

ஒரு காலை அண்ணன் போனை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கோட்டுத் துணி ஒன்றைக் காட்டி விளக்க வேண்டியிருந்ததால் மேலே போயிருந்தேன். போன் அடித்தது. அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள், கையில் வேலை இருந்ததால்.

“ஓனரம்மாங்களா? நான் வீட்டுல குடியிருக்கறவங்க பேசறேன்.”

குடித்தனக்காரர் மனைவி. சின்னப் பெண் குரல்.

“சொல்லும்மா. குழாயா?”

“குழாய் கிடக்குதுங்க, அதுக்கு அடில வாளி வெச்சிருக்கேன். இது வேற. அடுத்த மாசத்துலேர்ந்து லிஃப்ட் காசை நாங்கதான் கட்டணும்னு புரோக்கர் சொல்றாருங்க. சார் சொன்னாராம். இது நியாயமாங்க?”

“இல்லம்மா, ஏறி இறங்கறவங்க கொடுக்கறதுதானே…” என்று அக்கா தயங்கினாள். அவளுக்கு அடுத்தவரிடம் கண்டிப்பாகப் பேச வராது.

“நாங்க ஏறவே இல்லீங்களே! அந்த லிஃப்டுல ஒரு நாள் கால் வெச்சதில்ல.”

“ஏம்மா, நடந்தா ஏறிப் போறீங்க?”

“எங்கங்க ஏறறது? நாங்க கீழ்வீடாச்சே.”

அக்காவின் கை நின்றுவிட்டது. ஊசி துணியில் பாதி இறங்கியபடி இருந்தது.

“என்னம்மா சொன்னே?”

“கீழ்வீடுங்க. கிரவுண்ட். உங்க வீடுதானே, உங்களுக்குத் தெரியாதுங்களா?”

நான் அக்காவைப் பார்த்தேன். நாங்கள் யாருமே கேட்டதில்லை. லிஃப்ட் லிஃப்ட் என்று அந்த மனிதர் பேசிய பேச்சில் வீடு மேலே எங்கேயோ இருக்கிறது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா போனைக் கையில் எடுத்து வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டாள்.

“வாசல்ல படி எப்படிம்மா? உசரமா?”

“படியே இல்லீங்க. தெருவும் வாசலும் ஒரே மட்டம். அதுக்காகத்தானே இந்த வீட்டைப் பிடிச்சோம். எங்க மாமியாருக்கு நடக்க வராது, சக்கர நாற்காலி. தினம் சாயங்காலம் அப்படியே தள்ளிட்டுப் போய் காய்கறி கடை வாசல்ல விட்டுடுவேன். அவங்களே பொறுக்கி வாங்குவாங்க. ஒரு மணி நேரம் கடைக்காரனோட உயிரை வாங்குவாங்க.” சிரித்தாள் அந்தப் பெண். “நல்ல வீடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்திருக்கு, அடுத்த மாசம் காலி பண்றோம். விட்டுட்டுப் போறமேன்னு மாமியார் ஒரே அழுகை. அதான், போற நேரத்துல இந்த லிஃப்ட் காசை எங்க தலையில கட்டாதீங்கம்மா.”

“கட்டலைம்மா. நீ ஒண்ணும் கொடுக்க வேண்டாம். நான் சொல்லிக்கறேன்” என்று அக்கா போனை வைத்தாள். பிறகு வெகுநேரம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் அவர் வர்ற நேரத்துக்கு நீயும் மேல வா” என்றாள் கடைசியில். “நான் தனியா கேட்டா அழுதுடுவேன்.”

சாயங்காலம் போனேன். அண்ணன் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீயை எடுத்தார்.

“அந்த வீடு கீழ்வீடாங்க?” என்று கேட்டாள் அக்கா.

“எந்த வீடு?”

“நமக்கு எத்தனை வீடு இருக்கு?”

“ஓ, அதுவா? ஆமா, கிரவுண்ட் ஃப்ளோர். அதான் விலை கொஞ்சம் குறைஞ்சுது. ஏன்?”

“உங்களுக்குத் தெரியுமா!”

“பத்திரத்துல இருக்கே. தெரியாம வாங்குவாங்களா?” டீயை ஊதிக் குடித்தார். மனிதருக்கு நிஜமாகவே ஒன்றும் உறைக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தம்ளரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசலாம் போலிருந்தது.

“ஏங்க, பத்து வருஷமா நான் கீழ்வீடு கீழ்வீடுன்னு கேக்கறேன். கீழ்வீடு ஒண்ணை வாங்கிட்டு வந்திருக்கீங்க. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“இது வாடகைக்கு விடற வீடும்மா. நாம இருக்கவா வாங்கினோம்? அது வேற கணக்கு, இது வேற கணக்கு. வாடகைக்கு விடற வீடு எந்த மாடியா இருந்தா என்ன?”

“அந்த ஊர்ல யாரோ ஒரு கிழவி தினம் தெருவுக்குப் போய்த் தக்காளி வாங்கறாங்க. என் காசுல வாங்கின வீட்டு வாசல்லேர்ந்து போறாங்க. நான் இங்க ஜன்னல்ல கயிறு விடறேன்.”

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். இப்போதுதான் ஏதோ இறங்கியிருக்க வேண்டும். “அப்படி நான் யோசிக்கவே இல்ல” என்றார்.

“லிஃப்ட் நல்லா இருக்கான்னு யோசிச்சீங்களே. படி இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் பார்த்து வாங்கின ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

சொன்னபடியே அழுதுவிட்டாள். நான் மேலே போயும் பிரயோஜனம் இல்லை, நானும் அழுதேன். அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவின கையை மறுபடி கழுவினார்.

அடுத்த சில வாரம் புரோக்கரோடு பேச்சு நடந்தது. குடித்தனக்காரர் காலி செய்யப் போகிறார், புது ஆள் பிடிக்க வேண்டும், புது ஆள் பிடிக்க ஒரு மாத வாடகை கமிஷன், பெயின்ட் அடிக்கத் தனி, அடிக்கப் போவது மச்சான். அண்ணன் முழி பிதுங்கி நின்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “வீடு பூட்டிக் கிடந்தா லிஃப்ட் காசு நம்ம கைலேர்ந்து போகும்” என்று அக்காவிடம் முனகினார்.

“ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லுங்க” என்றாள் அக்கா.

“யாரு?”

“நான்தான்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இதை அக்காதான் மறுநாள் ஜன்னலில் சொன்னாள். நான் கீழிருந்து கத்தினேன்.

“என்னக்கா இது? தெரியாத ஊரு, தெரியாத பாஷை! யார்கிட்ட பேசுவே?”

“இங்க தெரிஞ்ச பாஷைல யார்கிட்ட பேசறேன்? உன் உச்சந்தலையோடதானே பேசறேன்.”

“இங்க வேலை?”

“அந்தப் பொண்ணு விசாரிச்சுச் சொல்லிச்சு, தெரு முனைல ஒரு தையல் கடை இருக்காம். ஓரம் அடிக்க எங்கதான் ஆள் வேண்டாம்?”

“அண்ணன்?”

“கூப்பிட்டேன். வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் வருதாம், அது முடியட்டுங்கறாரு. அப்புறம் இன்னொண்ணு சொல்வாரு” என்றாள். பையை மேலே இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஆள் கிடைக்கும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள இவள் போகிறாள், குழாயை எல்லாம் நேரில் நின்று சரிசெய்வாள், நல்ல குடித்தனம் வந்ததும் திரும்பிவிடுவாள். அப்படித்தான் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். தனக்கும் சொல்லிக்கொண்டார். நான் ஒரு தடவை, “அண்ணே, லீவு போட்டுட்டு நீங்களும் போங்க” என்றேன். “ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்டு வாடகை தண்டம்மா” என்றார். தலையை எங்கே முட்டிக்கொள்வது? அங்கே ஒரு சொந்த வீடு, அதில் வாடகை வராது. இங்கே ஒரு வாடகை வீடு, அதில் இருக்க ஆள் வேண்டும். இதற்குத்தான் அந்தக் கோட்டுப் போட்டவனிடம் பாடம் கேட்டார்.

அக்காவின் தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவர். அவர்தான் கொண்டுபோய் விடுவதாக வந்தார். காலையிலேயே கட்டில், இரண்டு பெட்டி, பாத்திரம் எல்லாம் இறக்கியாகிவிட்டது. கடைசியாக அக்கா இறங்கினாள். நான் முன்னால், அண்ணன் பின்னால். எப்போதும் போலப் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். சுமந்துகொண்டு போகட்டுமா என்று அண்ணன் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். வழக்கமாக நிற்கும்போது மேலே பார்ப்பாள், திரும்பி வரும்போது எவ்வளவு ஏற வேண்டுமோ என்று. அன்றைக்கு ஒரு தடவையும் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஓரத்துக்கு நூலை ரெட்டையா கோக்காதே, வெளிய தெரியும்” என்றாள். அவ்வளவுதான் எனக்குச் சொன்னது. தலையை ஆட்டினேன்.

தம்பி தூக்கி வேனின் முன்சீட்டில் உட்கார வைத்தார். அண்ணன் கதவைச் சாத்தினார். வழக்கம்போல் கதவு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்ப திரும்பி வருவே?”

அக்கா அவரைக் கோபமில்லாமல் பார்த்தாள். “திரும்பி வர்றதுன்னா மறுபடி மேல ஏறணுங்க. என்னால ஆகாது. இனிமே ஏறமாட்டேன்.”

“அப்ப நான்?”

“நீங்க வாங்க. உங்க வீடுதானே.”

தம்பி வண்டியை எடுத்தார். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அண்ணன் அங்கேயே நின்றிருந்தார். கருவிப் பை தோளில் தொங்கியது, அப்படியே வேலைக்குப் போவதாகத் திட்டம் போலிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன், ஒரு வருஷத்துக்கான திட்டு சேர்த்து வைத்திருந்தேன்.

அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்த வீட்டுக்கு எப்படிப் போகணும்மா?” என்றார். “ரயில்ல இறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னுகூட எனக்குத் தெரியாதே.”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் அவரைத் திட்டவில்லை. பையை அவர் தோளிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டு, முதலில் கம்பெனிக்குப் போன் செய்து இன்றைக்கு வரமுடியாது என்று சொல்லுங்கள் என்றேன்.